உள்ளிருப்போர்க்கு எளிய கோட்டை

பூட்டு யாருக்காகச் செய்யப்படுகிறது? திருடனுக்காகவா, வீட்டுக்காரனுக்காகவா? கேட்டவுடன் நகைப்பைத் தரும் கேள்விதான் இது. ஆயினும் சற்றே நின்று எண்ணிப் பார்த்தால், விடை அத்துணை எளிதன்று என்பது விளங்கும். திருடன் இல்லையேல் பூட்டே வேண்டியதில்லை. ஆனால், பூட்டை நாள்தோறும் கையால் தொடுபவன் திருடன் அல்லன், வீட்டுக்காரனே. திருடன் என்றோ ஒரு நாள் வருவான், வராமலும் போவான். வீட்டுக்காரனோ காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அந்தப் பூட்டோடு பழகியே தீர வேண்டும். திருடனை மட்டும் நினைத்துச் செய்த பூட்டு வீட்டுக்காரனுக்கே திறக்கவில்லை என்றால், அது காவலா, சிறையா?

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நம்மில் அறியாதார் இல்லை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுகளில், கள்ளனை ஏமாற்றும் நுட்பங்கள் பலவற்றை அவ்வூர்க் கைவினைஞர் வைத்தனர். ஆயினும் உரிய சாவியைக் கையில் வைத்திருப்பவர்க்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. எழுத்தறியாத மூதாட்டியும் சாவியை நுழைத்துத் திருப்புவார், பூட்டு திறக்கும். பூட்டின் நுட்பம் பூட்டுக்குள்ளேயே இருந்தது. திறப்பவர் தலையில் அது சுமத்தப்படவில்லை.

இன்று நம் உடைமையும், உறவும், பெயரும், நோயும், கடனும் கைப்பேசி என்னும் சிறு பெட்டிக்குள் புகுந்துவிட்டன. அந்தப் பெட்டியின் பூட்டுக்குக் கடவுச்சொல் என்றும், பின் எண் என்றும், ஓ.டி.பி. என்றும் பல பெயர்கள். இப்பூட்டுகளின் நுட்பம் எங்கே இருக்கிறது? பூட்டுக்குள்ளேயா, நம் தலைமீதா? இதனைப் பொறியியல் கேள்வி என்று எண்ணி, அறிந்தவர் பார்த்துக்கொள்வர் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நம் எண்ணத்தில் இஃது ஓர் அறக்கேள்வி. அதனைக் கரோல் பாகின் ஒரு சிறு வீட்டிலிருந்து தொடங்குவோம்.

சுருக்குப் பையும் பின் எண்ணும்

எங்கள் அன்னையார் இளமணப் பெண்ணாக இந்நகருக்கு வந்தபோது, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல ஒற்றை அறையிலும், மொட்டைமாடிப் பர்சாத்தியிலும் குடியிருந்தன. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அடுப்பு தெரியும். ஒருவர் இருமினால் நால்வர் நலம் கேட்பர். அந்தரங்கம் என்ற சொல்லுக்கே அங்கே இடம் இருந்திராது என்று இன்றைய இளைஞர் எண்ணக்கூடும். அஃது உண்மையன்று. அன்னையாரின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அந்தப் பையில் எவ்வளவு இருந்தது என்று தந்தையார் கேட்டதில்லை. அந்தப் பெட்டியைப் பிள்ளைகளாகிய நாங்கள் திறந்ததில்லை. ஒரு முடிச்சும் ஒரு சாவியும், ஒரு பெண்ணுக்கு நூறடி அறையில் ஒரு தனி உலகத்தைக் காத்துக் கொடுத்தன.

தந்தையார் மறைந்தபின், குடும்ப ஓய்வூதியம் அன்னையாரின் பெயருக்கு வந்தது. வங்கிக்கு நடந்து செல்ல முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆதலின் கைப்பேசியில் செயலியை ஏற்றினோம். அதன் திரையில் வந்த சொற்கள் ஆங்கிலத்தில் வந்தன. எட்டு எழுத்துக்குக் குறையாத கடவுச்சொல் வேண்டும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி வேண்டும் என்றது. மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டது. அன்னையார் இருமுறை முயன்றார், கைவிட்டார். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். உடன்பிறந்தார் மூவரும் கூடி, நாங்களே ஒரு கடவுச்சொல்லை வைத்தோம். நாங்களே ஒரு பின் எண்ணையும் வைத்தோம். மூவர்க்கும் நினைவிருக்கும் எண். பெரியதோர் உதவி செய்துவிட்டதாகவே மகிழ்ந்தோம்.

சில திங்கள் கழித்து ஒரு மாலை, அன்னையார் எங்களிடம் வந்து, கும்பகோணத்தில் இருக்கும் தம் தமையன் மகளுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்ப வேண்டும் என்றார். நாங்கள் கைப்பேசியை எடுத்தவாறே, "எதற்கம்மா?" என்று கேட்டோம். அதில் கடுமை ஏதுமில்லை. வாய்ப்பழக்கமாக வந்த சொல். அன்னையார் சற்றுநேரம் பேசாது நின்றார். பின்னர், "ஒன்றுமில்லையப்பா, சும்மா கேட்டேன், இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டார்.

எந்தத் திருடனும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எந்தப் பணமும் களவு போகவில்லை. ஆயினும் அன்று மாலை ஒன்று பறிபோயிற்று, பறித்தவர் நாங்களே. ஐம்பது ஆண்டுகள் எவரும் கேளாத ஒரு கேள்வியை, அவர் பெற்ற பிள்ளைகள் கேட்கும் நிலை வந்தது. ஏன் வந்தது? முடிச்சவிழ்க்கத் தெரிந்த விரல்களுக்கு ஏற்ற பூட்டை எவரும் செய்து கொடுக்கவில்லை. அதனால் அவர் தம் சாவியைப் பிறர் கையில் கொடுக்க நேர்ந்தது.

ஒட்டி அனுப்பிய மடல்

எளிய பூட்டை ஆக்குதல் இயலாத செயலா? நம் அஞ்சல் துறை அதனை நெடுங்காலம் முன்னரே செய்து காட்டியது. இந்நாட்டில் 1879 முதல் அஞ்சலட்டை உண்டு. விலை குறைவு, ஆனால் அனைவரும் படிக்கலாம். அஞ்சற்காரரும் படிப்பார், வாயிலில் அதனை வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டாரும் படிப்பர். ஆதலின் நலம் நலமறிய ஆவல் என்ற அளவில் அது நின்றது. 1950இல் உள்நாட்டு மடல் என்னும் நீலநிறத் தாள் வந்தது. அதனை மடிக்கலாம், ஓரத்தில் நீர் தொட்டு ஒட்டலாம். அவ்வளவே அதன் தொழில்நுட்பம். அதற்குப் பயிற்சி வகுப்பு நடந்ததில்லை. விளக்கக் கையேடு வெளிவந்ததில்லை. மருமகள் படும் துயரத்தைத் தாய்க்கு எழுதினாள். மகன் வேலை போனதைத் தமையனுக்கு எழுதினான். அந்த ஒட்டிய ஓரத்தை நம்பி, டில்லியின் தமிழர் தம் நெஞ்சங்களைத் தென்னாட்டுக்கு அனுப்பினர்.

அந்த ஓரம் வலிய காவல் அன்று. ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும். ஆயினும், பிரித்தவன் பிரித்தான் என்பது தெரியும். மூடிய மடலைப் பிரித்தல் தவறு என்பது மூடியிருப்பதாலேயே எவர்க்கும் விளங்கும். எளிய பூட்டு இரண்டு பணிகளைச் செய்தது. ஒன்று, பிறர் பார்வையைத் தடுத்தது. மற்றொன்று, இஃது உனக்குரியதன்று என்று பிறர்க்கு ஓர் அறத்தைச் சொல்லாமல் சொல்லியது.

அரணுக்கு இலக்கணம்

இப்பொருளில் நம் முன்னோர் சொன்னது ஏதும் உண்டா என்று தேடுவோர்க்கு, வள்ளுவர் பெருமானின் பொருட்பாலில் அரண் என்னும் அதிகாரம் விடையாக நிற்கிறது. கோட்டை உயரமாக இருத்தல் வேண்டும், அகலமாக இருத்தல் வேண்டும், உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதை எவரும் சொல்லிவிடலாம். வள்ளுவர் அதனோடு நிற்கவில்லை. பகைவர் கைக்கொள்வதற்கு அரியதாகவும், வேண்டிய உணவு உடையதாகவும், உள்ளே இருப்போர் நிலைத்துநிற்க எளிதாகவும் இருப்பதே அரண் என்றார். அருமையும் எளிமையும் ஒரே கோட்டையின் இரு பண்புகள். வெளியே நிற்பவனுக்கு அரிது. உள்ளே இருப்பவனுக்கு எளிது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அதனை அரண் என்று அவர் ஒப்பவில்லை.

ஏறத்தாழ இதே கருத்தை, வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில், ஒரு மொழியாசிரியர் எழுதினார். அகஸ்ட் கெர்க்காப்ஸ் என்பது அவர் பெயர். நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் மொழி கற்பித்தவர். 1883ஆம் ஆண்டில் படைத்துறையின் மறைமொழியைப் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மறைமொழி முறை ஒன்றுக்கு இருக்க வேண்டிய ஆறு இயல்புகளை அதில் வகுத்தார். அவற்றுள் இரண்டாவதை இன்று உலகம் முழுதும் பொறியாளர் போற்றுகின்றனர்: முறை பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது, சாவி மட்டுமே மறைவாக இருந்தால் போதும் என்பது அது. ஆறாவதைப் பலர் மறந்தனர். அம்முறை கையாள எளிதாக இருக்க வேண்டும். மனத்துக்குச் சிரமம் தரக்கூடாது. நீண்ட விதிகளை நினைவில் வைக்குமாறு கேட்கக்கூடாது என்பது அந்த ஆறாவது. போர்முனையில் குண்டுகளுக்கு நடுவே நிற்கும் படைவீரன் இலக்கணப் பாடம் ஒப்பிக்க இயலாது என்பதை அந்த மொழியாசிரியர் அறிந்திருந்தார்.

பன்னிருவர் பட்ட பாடு

ஆறாவது விதியை மறந்ததன் விளைவை 1999இல் நடந்த ஓர் ஆய்வு உலகுக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் பில் சிம்மர்மன் என்பவர் 1991இல் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை வெளியிட்டிருந்தார். மின்னஞ்சலை உரியவர் தவிர வேறெவரும் படிக்க இயலாத மறைமொழியாக மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் வலிமையை அறிஞர் அனைவரும் ஒப்புக்கொண்டனர். ஆல்மா விட்டன், டைகர் என்னும் இரு ஆய்வாளர் அதன் ஐந்தாம் பதிப்பைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தனர். அனைவரும் மின்னஞ்சல் எழுதிப் பழகியவர்களே. ஒன்றரை மணி நேரம் தந்து, ஒரு மறைசெய்தியை உரிய தோழர்க்கு மறைமொழியில் அனுப்புமாறு பணித்தனர். மூன்றில் ஒரு பங்கினரே அதனைச் சரிவரச் செய்தனர். பலர், எந்தச் சாவியால் பூட்ட வேண்டும் என்பதிலேயே மயங்கினர். மூவர், காக்க வேண்டிய செய்தியை எந்த மறைப்பும் இன்றித் தாமே அனுப்பிவிட்டனர்.

இந்த மூவரை நாம் மறத்தல் ஆகாது. அவர்களுடைய மறைவைப் பகைவன் உடைக்கவில்லை. பூட்டின் குழப்பமே உடைத்தது. ஆய்வாளர் இருவரும் அந்தப் பன்னிருவரைப் பழிக்கவில்லை. மென்பொருளை ஆக்கியவர் மனிதனை எண்ணி ஆக்கவில்லை என்றே முடிவு கூறினர்.

அதே கலை பின்னர் என்னவாயிற்று? 2016 ஏப்பிரலில் வாட்ஸாப் செயலி, தன்னைப் பயன்படுத்திய ஏறத்தாழ நூறு கோடி மக்களின் செய்திகளை இருமுனைக்கு நடுவே எவரும் படிக்க இயலாத மறைமொழியாக மாற்றியது. அதற்காக எவரும் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. சாவிகளை ஆக்குதலும், மாற்றிக்கொள்ளுதலும், பூட்டுதலும், திறத்தலும் ஆகிய அனைத்தையும் பொறி தானே செய்தது. நாம் யாரோடு எப்போது பேசினோம் என்னும் குறிப்பு நிறுவனத்தின் கையில் இருத்தல் வேறு வழக்கு. அதனை நாம் மறக்கவில்லை. எனினும், கற்றோர் பன்னிருவர் ஒன்றரை மணி நேரம் போராடியும் பெரும்பாலோர்க்குக் கைவராத காவல், எங்கள் தெருவில் காய்கறி விற்பவருக்கும் கிடைத்தது. மனிதன் மாறவில்லை, பூட்டுத்தான் மாறியது. இயலாது என்று சொல்லப்பட்டதெல்லாம், முயலவில்லை என்பதன் மறுபெயராக இருந்தது.

பழி யாருக்கு?

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். மக்கள் சோம்பேறிகள், சொல்லிக் கொடுத்தாலும் கேட்பதில்லை, ஏமாந்தால் அவர்தம் கவனக்குறைவே என்பது முதல் வாதம். படித்தவர் நடுவே இவ்வாதம் பெரிதும் செல்வாக்குடையது.

அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் கழிக்கும் நாம், இதற்கு நேரில் கண்ட சான்று ஒன்றைச் சொல்வோம். கடவுச்சொல்லைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியும் கலக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. விளைவு என்ன? நேர்மையும் உழைப்பும் உடைய அலுவலர்கள், கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகி வைத்தனர். திங்களின் பெயரைக் கடைசியில் சேர்த்து, மாற்றியதாகக் கணக்குக் காட்டினர். அவர்கள் சோம்பேறிகளா? அல்லர். ஒரு நாளில் பத்துப் பூட்டுகளைத் திறக்க வேண்டியவர், பத்துச் சாவிகளையும் மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிதாக வார்க்க முடியாது. இந்த விதிகளை 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகவே கூறினார். அந்நிறுவனமும் அதே ஆண்டில் விதிகளைத் திருத்தியது. களவு போனதற்கு அறிகுறி இல்லாதபோது காலந்தோறும் மாற்றச் சொல்லவேண்டாம்; கலவை எழுத்து விதியை விடுத்து நீளமான சொற்றொடரை ஏற்றுக்கொள்க என்றது. பதினான்கு ஆண்டுகள் உலகெங்கும் கோடிக்கணக்கானோர், தவறான விதியைப் பின்பற்ற இயலாமைக்காகக் குற்றவுணர்வோடு வாழ்ந்தனர். பின்பற்ற முடியாத விதியை வகுத்துவிட்டு, பின்பற்றாதவனைப் பழித்தல் அறமாகாது.

எளிதாக்கினால் திருடனுக்கும் அன்றோ எளிதாகும் என்பது இரண்டாம் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. வேகத்தடையும் தொல்லையே, ஆயினும் பள்ளிக்கூடத்தின் முன்னே அது வேண்டும். யு.பி.ஐ. வழியே பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் வருகிறது. பின் எண் கேட்கப்படுகிறது. இரண்டும் சிறு தடைகளே. ஆனால் அவை உள்ளிருப்பவனுக்குத் துணைசெய்யும் தடைகள். ஒரு கணம் நில், யாருக்குக் கொடுக்கிறாய் என்று பார் என்று தோள் தொட்டுச் சொல்லும் தடைகள். உள்ளிருப்பவனைக் குழப்பும் தடை வேறு. உள்ளிருப்பவனைத் தெளிவிக்கும் தடை வேறு. எளிமை என்று நாம் வேண்டுவது, தடையே இல்லாமையை அன்று. தடையின் பொருள் விளங்குவதை.

இதற்கு நம் நாட்டிலேயே அண்மைக்காலச் சான்று உண்டு. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதி இருந்தது. ஏமாற்றுவோர் அதனைப் பற்றிக்கொண்டனர். உங்களுக்குப் பணம் வருகிறது, பெற்றுக்கொள்ளப் பின் எண்ணை இடுங்கள் என்றனர். எண்ணை இட்டவரின் கணக்கிலிருந்து பணம் போயிற்று. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தன. ஆயினும் ஏமாற்றம் நிற்கவில்லை. இறுதியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், தனியாள் தனியாளிடம் பணம் கேட்கும் அந்த வசதியையே 2025 அக்டோபர் முதல் நாளோடு நிறுத்தியது. கோடிப் பேருக்கு அறிவுரை கூறுவதினும், ஒரு வாயிலை அடைத்தல் நேரிய வழி. அறிவுரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பூட்டைத் திருத்தும் ஆற்றல் உடையவன் பூட்டைத் திருத்தாமல் அறிவுரை மட்டும் கூறினால், அவன் தன் கடமையைப் பிறர் தோளில் மாற்றுகிறான் என்கிறோம்.

விளங்காத இசைவு இசைவாகுமா?

எளிமை என்னும் பெயரில் வரும் ஏமாற்று ஒன்றையும் இங்கே சுட்டுதல் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன் என்னும் பொத்தான் மிக எளிது; பெரிதாக, பச்சை நிறத்தில், விரலுக்கு அருகிலேயே இருக்கும். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதோ நாற்பது பக்க ஆங்கிலத்தில் இருக்கும். ஒப்புதல் எளிது, அறிதல் அரிது. சேர்தல் எளிது; விலகல் அரிது. இது உள்ளிருப்போர்க்கு எளிய கோட்டை அன்று. உள்ளே வருவோரைச் சிக்க வைக்கும் எலிப்பொறி.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். பின்னர் 2023இல் எண்ணிம வடிவிலான தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஆறாம் பிரிவில் இரு கூறுகள் நம் பொருளுக்கு நேரானவை. ஒருவரிடம் இசைவு கேட்கும்போது, தெளிவான எளிய மொழியில் கேட்க வேண்டும்; ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ அதனைப் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்பது ஒன்று. இசைவைக் கொடுத்தல் எவ்வளவு எளிதோ, அதற்கு ஒப்ப அதனைத் திரும்பப் பெறுதலும் எளிதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எளிமை என்னும் பண்பு இந்நாட்டின் சட்டத்திலேயே ஏறிவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பட்டுள்ளது.

எட்டாம் அட்டவணையின் இருபத்திரண்டு மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் வாழ்க என்று முழங்கும் நாம், ஒரு மூதாட்டி தம் பணத்தைப் பற்றித் தமிழிலேயே அறிந்து தமிழிலேயே மறுக்கும் உரிமையைத் தமிழ்ப்பணியாகக் கருதியதுண்டா? மொழி மேடையில் வாழ்வது ஒரு வாழ்வு. வங்கித் திரையில் வாழ்வது மற்றொரு வாழ்வு. பின்னது இல்லையேல் முன்னது அணிகலனாக மட்டுமே எஞ்சும்.

அறிவிப்பு ஒன்று எவ்வாறு குழப்பமாகும் என்பதற்கு 2022 மே திங்களில் நடந்தது சான்று. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எவர்க்கும் கொடுத்துவிடாதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று அறிவுறுத்தியது. மக்கள் திகைத்தனர். இரு நாளில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இயல்பான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்று கூறப்பட்டது. இயல்பான எச்சரிக்கை என்பது யாது? அதனை யார் யாருக்குக் கற்பித்தனர்? மறைப்பு ஆதார் என்பது நல்ல பூட்டு. ஆனால் அப்படி ஒரு பூட்டு உண்டென்று கரோல் பாகின் எத்தனை இல்லங்களில் தெரியும்?

நம் பங்கு

இதுகாறும் மென்பொருள் ஆக்குவோரையும் ஆள்வோரையும் நோக்கிப் பேசினோம். வள்ளுவரின் அதே அதிகாரம் மற்றொன்றையும் சொல்லி முடிகிறது. எத்துணைச் சிறப்புடைய கோட்டையாயினும், உள்ளிருப்போரிடம் செயற்சிறப்பு இல்லையேல் அதனால் பயனில்லை என்பது அக்கருத்து. ஆகவே, நம் பக்கம் உள்ள குறையையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

பழுதுபார்க்கும் கடையில் கைப்பேசியோடு பின் எண்ணையும் சொல்லிவிட்டு வருகிறோம். கடைக்காரர் அதனை ஒரு தாளில் எழுதிக் கைப்பேசியின் முதுகிலேயே ஒட்டுகிறார். சாம்சங் முதலிய சில கைப்பேசிகளில், நம் படங்களும் செய்திகளும் தெரியாதவாறு பழுதுபார்க்கக் கொடுக்கும் முறை 2022 முதல் வந்துள்ளது. நாம் தேடிப் பார்ப்பதில்லை. விழாவுக்கும் சுற்றுலாவுக்கும் பெயர் பதியும்போது, தேவை இருக்கிறதா என்று எண்ணாமலே ஆதார் நகல் கேட்கிறோம். அந்த நகல்கள் பின்னர் எங்கே கிடக்கின்றன என்று எவரும் பார்ப்பதில்லை. பிறர் மடலைப் பிரித்தல் தவறு என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நாம், பிறர் நகலைக் குப்பையில் எறிதல் தவறு என்று நமக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

யாவற்றினும் பெரிய குறை, வீட்டுக்குள் இருக்கிறது. முதியோர்க்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமை நமக்கு இல்லை. கற்றுக்கொடுப்பதினும், நாமே செய்துவிடுதல் விரைவு. அந்த விரைவை உதவி என்று அழைக்கிறோம். அதன் விலையை அவர் கொடுக்கிறார். தம் பணத்தைத் தாமே கேட்டு வாங்கும் நிலையும், தம் செலவுக்குக் காரணம் சொல்லும் நிலையும் அவருக்கு வருகின்றன. திருடனிடமிருந்து காப்பது மட்டும் பாதுகாப்பன்று. அன்புடையோரின் கேள்வியிலிருந்தும் ஒரு மனிதருக்குச் சிறிது இடம் வேண்டும். அந்தச் சிறிது இடத்திற்குத்தான் அந்தரங்கம் என்று பெயர்.

சங்கங்களும் இதில் செய்யத்தக்கது உண்டு. பட்டிமன்றம் நடக்கும் ஞாயிறுகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். கைப்பேசித் திரையைத் தமிழுக்கு மாற்றுவது எவ்வாறு, மறைப்பு ஆதாரைப் பெறுவது எவ்வாறு, ஏமாந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைப்பது எவ்வாறு என்று, கையில் கைப்பேசியைக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து, அவர் விரலாலேயே செய்ய வைக்கலாம். காவல்துறை என்று சொல்லி, காணொளியில் வந்து, உங்களைக் கைது செய்துவிட்டோம் என்பவன் பொய்யன் என்பதை உரக்கச் சொல்லலாம். 2024 அக்டோபரில் நாட்டின் தலைமை அமைச்சரே வானொலி உரையில் இதனை எச்சரிக்கும் அளவுக்கு அந்த ஏமாற்று பெருகியது. நில், எண்ணு, பின்னர்ச் செயற்படு என்பது அவர் கூறிய வழி.

எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொல்லி முடிப்போம். "எதற்கம்மா" என்ற அந்தச் சொல் எங்களைப் பல நாள் உறங்கவிடவில்லை. ஒரு வாரம் கழித்து அன்னையாரின் பக்கத்தில் அமர்ந்தோம். திரையைத் தமிழில் மாற்றினோம். எழுத்தைப் பெரிதாக்கினோம். தேவையற்ற செயலிகளை நீக்கினோம். நான்கு மாலைகள் ஆயின. முதல் மாலையில் அவர் சினந்தார். இரண்டாம் மாலையில் நாங்கள் சினந்தோம். நான்காம் மாலையில், பழைய பின் எண்ணை மாற்றும் திரை வந்தது. புதிய எண்ணை இடுமாறு அது கேட்டது. நாங்கள் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றோம். சிறிது நேரத்தில், "ஆயிற்று" என்று அன்னையார் குரல் கொடுத்தார்.

அந்த எண் யாது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கும்பகோணத்துக்கு அந்த ஐந்நூறு ரூபாய் சென்றதா, எதற்காகச் சென்றது என்பதும் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.